கவிழ்த்து வைத்த டார்ச்

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது ஓர் அறிவிப்பு. அரைப் பக்கம், பெரிய எழுத்தில், சுவரில் ஒட்டுவதற்கு.

அக்காவும் அத்தானும் வேலை பார்க்கும் நிறுவனம் பெரிய கட்டடங்களின் காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்து கொடுக்கிறது. அதன் மேனேஜர் ஒரு நாள் அக்காவை நிறுத்தி, "உங்க தங்கச்சி கதையெல்லாம் எழுதுவாங்களாமே? இந்தப் புது டார்ச்சைப் பத்தி ஒரு எச்சரிக்கை எழுதித் தருவாங்களா? நான் எழுதி ஒட்டினா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாங்க" என்று கேட்டிருக்கிறார். எழுதித் தரச் சொல்லி ஒருவர் என்னைத் தேடுவது எனக்குப் புதிது. பத்திரிகைகள்கூட அப்படிக் கேட்டதில்லை. தலைகால் புரியாமல் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கே உட்கார்ந்து முதல் வாக்கியத்தை எழுதினேன்:

அதிக சக்தி வாய்ந்த டார்ச்சுகளைக் குறுகிய இடங்களில் பயன்படுத்தும்போது அவை அளவுக்கு மீறிச் சூடாகும் அபாயம் உண்டு.

பிழை சொல்ல முடியாத வாக்கியம். அத்தையிடம், அதாவது அத்தானின் அம்மாவிடம், வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா. எதைப் பத்தி?" என்றார்.

அடித்தேன். அடுத்தது:

டார்ச் சுடும். ஜாக்கிரதை.

இதைச் சொல்ல எழுத்தாளர் எதற்கு? இதையும் அடித்தேன். மூன்றாவது தொடக்கம் இது:

என் அக்காவின் முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, வட்டமாக ஒரு தீக்காயம் இருக்கிறது. அது

அந்த "அது"வில் பேனா நின்றுவிட்டது. காயம் எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினால், நான் சொல்லலாமா கூடாதா என்று தெரியாத இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அறிவிப்பு அந்த இடத்தில் படுத்துக்கொண்டது. நீங்கள் படிப்பது அதற்குப் பிறகு எழுந்தது.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களில் பெரிய சலவைக்கூடம் இருக்கும். விரிப்புகளையும் துண்டுகளையும் காய வைக்கும் டிரையர்கள் வரிசையாக நிற்கும். அவை விடுகிற சூடான காற்று, கூரைக்குக் கீழே தொங்கும் அகலமான தகரக் குழாய் வழியாக வெளியே போகும். இவர்கள் அதை டக்ட் என்கிறார்கள். காற்றோடு துணியின் பிசிறும் கிளம்பி, போகிற வழியெல்லாம் படியும். சாம்பல் நிறத்தில் மெத்து மெத்தென்று இருக்கும் அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பஞ்சு. ஒரு தீப்பொறி போதும், கட்டடத்தையே விழுங்கிவிடும். அதனால் அவ்வப்போது டிரையர்களை நிறுத்திவிட்டு, ஆட்கள் உள்ளே போய் அதைச் சுரண்டி, உறிஞ்சி எடுக்க வேண்டும்.

உள்ளே போவது என்றால் முழங்கையும் முழங்காலும் ஊன்றி ஊர்ந்து போவது. திரும்ப இடம் கிடையாது. போன வழியே பின்னோக்கித்தான் வர வேண்டும். நீளமான டக்ட் என்றால் இரண்டு முனையிலிருந்தும் ஆளுக்கொருவராக நுழைந்து, முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டே வந்து, நடுவில் சந்திப்பார்கள். ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் அத்தான்.

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாணமான புதிதில் இருவரும் வேறு வேறு குழுவில் இருந்தார்கள். ஒரே குழுவில் போடச் சொல்லிக் கேட்டது அக்கா. "அவர் வேலையை அரைகுறையா விட்டுட்டு வர்றார் சார், எதிர்ப்பக்கம் நான் இருந்தா ஒழுங்கா பண்ணுவார்" என்று காரணம் சொன்னாளாம். அத்தான் இந்தக் காரணத்தை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.]

ஒரு தடவை நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே தகரம் கொடகொடவென்று அதிரும். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு சத்தங்கள் நெருங்கி வரும். அக்காவுடையது சீராக வரும். அத்தானுடையது நின்று நின்று வரும், இடையிடையே ஒரு தும்மல். அந்த இருட்டுக்குள் என் அக்கா இருக்கிறாள் என்பதை நினைத்தபோது எனக்கு வந்த உணர்ச்சிக்கு நல்ல வாக்கியம் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

3

இப்போது வீடு.

இரண்டு அறை. ஒன்றில் அத்தையும் அக்காவின் பெண்கள் இருவரும். மற்றதில் அக்காவும் அத்தானும். கூடத்தில் நான். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று பையோடு வந்தவள். வேலையும் கிடைக்கவில்லை, பையும் போகவில்லை. இரண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். அத்தைக்குக் காது மந்தம். குக்கர் விசில் கேட்காது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது கிசுகிசுத்தால் மட்டும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

அந்த வீட்டில் அக்காவும் அத்தானும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு ஒற்றுமை என்று வாயைப் பிளந்திருக்கிறேன். ஒற்றுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சண்டை போட அவர்களுக்கு வேறு இடம் இருந்தது.

நடுவில் சந்தித்ததும் அவர்கள் உடனே பின்வாங்கி வருவதில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்து, முகத்துக்கு முகம் பார்த்துக் குப்புறப் படுத்தபடி பேசுவார்கள். மேலே தகரம், கீழே தகரம், வேறு காது கிடையாது. பெண்களின் படிப்பு, அத்தையின் பிடிவாதம், நான் எப்போது உருப்படுவேன் என்பது எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். வீட்டுக்கு முடிவுகள் மட்டும் வந்து சேரும். கோபமும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். சமாதானத்தைப் பற்றி நான் விவரம் கேட்கவில்லை.

அக்காவின் காயத்துக்கு மருந்து போடும்போதுதான் இது எனக்குத் தெரிந்தது.

"வேலைதான் முடிஞ்சுதே, அப்புறம் அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"பேசிட்டு இருந்தோம்."

"பேசறதுக்கு அதுதானா இடம்?"

"வேற எங்கடி பேசறது? இங்க பேசினா நீ கூடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருப்ப."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ஆக, என் சிக்கல் இது. அறிவிப்பை உள்ளபடி எழுதினால் அவர்கள் பேசிக்கொள்ள இருக்கும் ஒரே இடத்தை நானே பிடுங்கிக் கொடுத்ததாகும். வேலை நேரத்தில் டக்ட்டுக்குள் படுத்துப் பேசுவதை எந்த மேனேஜர் அனுமதிப்பார்? மழுப்பி எழுதினால், நெருப்பு எப்படி வந்தது என்பதே தெரியாமல் மற்றவர்களும் அதையே செய்வார்கள். அவர்கள் எல்லோருக்கும் அக்காவைப் போல் சமயத்தில் புத்தி வேலை செய்யும் என்று என்ன நிச்சயம்? வேறு திருப்பம் எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை.

4

டார்ச்சுக்கு வருவோம்.

இவர்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. எதிரே வருகிறவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. அந்த இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது. அதனால் ஆள் நெருங்கியதும் டார்ச்சைக் கவிழ்த்து, கண்ணாடி தரையில் படும்படி வைத்துவிடுவார்கள். அணைக்க மாட்டார்கள். அணைத்த டார்ச் மறுபடி எரியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். கவிழ்த்து வைத்தால் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் போல வெளிச்சம் கசியும், பேச அது போதும். வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். பழைய டார்ச்சில் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவே.

புது டார்ச் உள்ளங்கைக்குள் அடங்கும். வெளிச்சமோ கார் விளக்கை மிஞ்சும். அந்த வெளிச்சத்தோடு சூடும் வரும். திறந்த வெளியில் பிடித்துக்கொண்டு நடந்தால் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். டிரையர்கள் நின்றுபோன டக்ட்டில் காற்று ஏது? போதாக்குறைக்குக் கண்ணாடியைத் தரையோடு அழுத்தி மூடிவிட்டால், அத்தனையும் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

அது எந்த இடம் என்று பாருங்கள். இருவரும் இரண்டு பக்கமிருந்தும் சுத்தம் செய்தபடி வருகிறார்கள். சந்திக்கும்போது நடுவில் மிச்சம் இருப்பது என்ன? இன்னும் எடுக்காத கடைசிப் பஞ்சு. மரியாதையாக டார்ச்சைக் கவிழ்த்து வைப்பது அதன் மேல்தான்.

இதை எழுதி முடித்ததும், இப்படி ஒரு பொருத்தத்தை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாதே என்று எழுதுகிறவளுக்கே உரிய ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. அக்கா அப்போது இடது கையால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

5

இந்தப் பகுதி என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. காரணம் அத்தான்.

முதல் வரைவில் அவர் பயந்து அலறினார். அக்கா படித்துவிட்டு, "அவர் ஒண்ணும் அலறல" என்றாள். இரண்டாவதில் அவரை வீரனாக்கினேன். பாய்ந்து சென்று நெருப்பை அணைத்தார். அதைப் படித்துவிட்டு அத்தான், "பாயறதுக்கு அங்க ஏதும்மா இடம்?" என்றார். கதைக்கு ஒத்துவராத மனிதர். எந்தப் பெரிய உணர்ச்சியையும் ஒரு தும்மலில் முடித்துவிடுவார். அவரை எப்படிச் செதுக்கினாலும் பழையபடி அத்தானாகவே எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் செதுக்குவதை விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

மத்தியானம். ஒரு விடுதியின் சலவைக்கூடம். இருவரும் நடுவில் சந்தித்தார்கள், டார்ச்சுகளைக் கவிழ்த்தார்கள், பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வழக்கத்தைவிட நீண்டது. நடுவில் அத்தானுடைய டார்ச்சின் ஒளி வளையம் தானாக மங்கியது. "பேட்டரி போச்சு போல" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார். பேட்டரி போகவில்லை. சூடு மீறினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி அந்த டார்ச்சைச் செய்திருக்கிறார்கள். பழைய டார்ச்சோடு பழகியவருக்கு மங்கினால் ஒரே அர்த்தம்தான்.

வாடை முதலில் அக்காவுக்குத்தான் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து மறந்துவிட்டால் வருமே, அது.

"என்னங்க, ஏதோ கருகுது."

"கீழ யாராவது இஸ்திரி போடுவாங்க."

"கீழ ஒருத்தரும் இல்ல. டார்ச்சை எடுங்க."

எடுத்தார்கள். இரண்டு டார்ச்சின் வெளிச்சமும் எழும்பியதும் நடுவில் வெள்ளை வெளேரென்று புகை நின்றது. வேறு எதுவும் தெரியவில்லை. அத்தான் கையுறையோடு பஞ்சை ஓங்கி அடித்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அடித்த அடியில் பஞ்சு கிளம்பி முகத்தில் பறந்தது.

"அடிக்காதீங்க, பறக்குது! லைட்டை அணைங்க!"

"என்னது?"

"ரெண்டையும் அணைங்க. எங்க எரியுதுன்னே தெரியல."

இங்கே நான் எழுதுவதை நிறுத்தினேன். எழுந்து கூடத்தில் நடந்தேன். நீங்களும் சற்று நில்லுங்கள். தோளை அசைக்க இடமில்லை. திரும்ப வழியில்லை. மூக்கு முழுக்கப் புகை. கையில் இருக்கும் ஒரே துணை அந்த வெளிச்சம். அதை அணைக்கச் சொல்கிறாள் என் அக்கா! இத்தனை கதை எழுதியிருக்கிறேன், ஒரு பாத்திரத்துக்கும் இப்படி ஒரு யோசனையை நான் கொடுத்ததில்லை. அதைவிட ஆச்சரியம், அத்தான் ஏன் என்று கேட்காமல் அணைத்ததுதான். அவரைப் பற்றி என்னிடம் இருந்த கேலியில் பாதியை இந்த இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

கும்மிருட்டு. அந்த இருட்டில் பஞ்சுக்குள் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சில நின்ற இடத்திலேயே கனன்றன, சில கோடு இழுத்தபடி ஊர்ந்தன. வெளிச்சம் இருந்தவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அக்கா கழுத்துத் துணியை அவிழ்த்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினாள். தேய்க்கவில்லை. அழுத்திப் பிடித்து, அவிந்ததும் அடுத்தது. பாதித் துணியைக் கிழித்து அத்தானிடம் தள்ளினாள்.

"உங்க இடது பக்கம் ஒண்ணு."

"பார்த்துட்டேன்."

"ஊதித் தொலைக்காதீங்க."

"தும்மல் வருதும்மா."

"அடக்குங்க!"

அடக்கினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம் அதுதான் என்று அக்கா இப்போதும் சொல்கிறாள். சிரிக்காமல் சொல்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான், அணைத்துப் போட்ட டார்ச் உருண்டு, அதன் தலை அவள் முன்கையில் வந்து ஒட்டியது. உதற முடியவில்லை. உதறினால் பஞ்சில் விழும். அழுத்திய புள்ளியை விடாமல், சுட்ட கையாலேயே டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தனக்குப் பின்னால் சுத்தம் செய்திருந்த வெறும் தகரத்துக்குத் தள்ளினாள். அந்தக் காயம் டார்ச் உருண்டதால் வந்ததல்ல, அவள் பொறுத்ததால் வந்தது.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அடிக்கலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை, இருக்கட்டும்.)

6

கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியேறுவார்கள். டக்ட்டில் அதற்கு வழியில்லை. அவர் அவர் பக்கம், இவள் இவள் பக்கம், முகம் மட்டும் எதிரெதிரே இருக்க, விலகி விலகித்தான் போக முடியும்.

"நீ முதல்ல போ."

"நீங்க போங்க. மறுபடி பத்திக்கிச்சுன்னா நான் பார்த்துக்கறேன்."

"நீ இருந்தா நானும் இருப்பேன்."

"அப்போ ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் பண்ணலாமா?"

கடைசியில் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள். கனன்றால் தெரிய வேண்டும் என்று இருட்டிலேயே. அவர் தகரத்தைத் தட்டுவார், இவள் பதிலுக்குத் தட்டுவாள். முதலில் வெளியே வந்தது அக்கா. வந்ததும் கையைப் பார்க்கவில்லை, மறுமுனைக்கு ஓடினாள். அத்தானின் கால்கள் தெரிந்ததும் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாளாம். "விடும்மா, இறங்க விடு" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினாராம்.

இதைச் சொன்னது அத்தான். அக்கா அழவே இல்லை என்கிறாள். யாரை நம்புவது என்று கதை எழுதுகிறவளாக எனக்குக் குழப்பம் உண்டு. தங்கையாக இல்லை.

7

அவ்வளவு நேரம் என்ன பேசினார்கள்?

முதல் யூகம்: பெரியவளின் படிப்பு. உரையாடல்கூட எழுதிப் பார்த்தேன். "அவளுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டும்" என்று அக்கா சொல்ல, அத்தான்

இல்லை, இது வேண்டாம். செயற்கையாக இருக்கிறது.

இரண்டாவது யூகம்: என்னை எப்படிக் கிளப்புவது. இதைத்தான் நான் உள்ளூர நம்பினேன். அப்படியானால் நான் கூடத்தில் படுத்திருப்பதற்கும் அவள் கையில் காயம் இருப்பதற்கும்

இதுவும் வேண்டாம்.

அக்காவிடமே கேட்டேன். "என்னைப் பத்தியா பேசினீங்க?"

"உலகத்துல பேசறதுக்கு உன்னை விட்டா வேற விஷயமே இல்லையா?"

"அப்போ எதைப் பத்தி?"

"அது எங்களுக்குள்ள."

8

நான் முதலில் எழுதிக் கொடுத்தது பொய்யான அறிவிப்பு. வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் டார்ச் கைதவறிப் பஞ்சில் விழுந்தது என்று எழுதியிருந்தேன். அக்காவையும் காப்பாற்றினேன், எச்சரிக்கையும் செய்தேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அக்கா படித்தாள்.

"கைதவறியா? யார் கை?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"கைதவறி விழுந்துச்சுன்னு போட்டா, படிக்கறவங்க 'நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்'னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் கவிழ்த்துதான் வைப்பாங்க. எல்லாரும் அப்படித்தானேடி வைக்கிறோம்."

"உள்ளதை எழுதினா உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள விடமாட்டாங்க அக்கா."

அவள் கையில் சுற்றியிருந்த துணியின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"அத்தான் கிட்ட கேட்டியா?"

"கேட்கல. முகத்தைப் பார்த்தேன், தெரிஞ்சுது."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அத்தானின் குரல் வந்தது. "எழுதும்மா. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

அடுத்த அறையிலிருந்து அத்தையின் குரல்: "எதை எழுதச் சொல்றான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, இருந்த ஒரே இடத்தையும், யாரோ சில பேருடைய கை வெந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் விட்டுக்கொடுக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதை அவள் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டியா?" என்றாள்.

9

சாமான்கள் வைக்கும் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, என்னையே வாசிக்கச் சொன்னார் மேனேஜர். வாசித்தது இது:

டார்ச்சைக் கவிழ்த்து வைக்காதீர்கள். நாங்கள் இருவரும் நடுவில் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தபோது கவிழ்த்து வைத்திருந்தோம். பஞ்சு பற்றிக்கொண்டது. எதிரே ஆள் வந்தால் அணையுங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். டார்ச் தானாக மங்கினால் பேட்டரி போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது கொதிக்கிறது. வெறும் தகரத்தில் வைத்து ஆற விடுங்கள்.

"பேசிக்கொண்டிருந்தபோது" என்ற இடத்தில் பின்வரிசை சிரித்தது. "என்ன பேசினீங்கன்னு போடலையா?" என்று ஒரு குரல். அக்கா எழுந்து நின்று சட்டைக் கையை மேலே ஏற்றினாள். சிரிப்பு நின்றது.

கொஞ்சம் கழித்து, தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்யும் ஒருவர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர், தலையைச் சொறிந்தபடி எழுந்தார். "எனக்குத் தொடையில. பேன்ட் பையில இருந்த டார்ச் தானா ஆன் ஆகியிருக்கு. தொட்டிக்குள்ள மடங்கி உட்கார்ந்திருந்தேன், எடுக்கக் கை போகல. வீட்ல வெந்நீர் கொட்டிடுச்சுன்னு சொல்லிட்டேன்." இன்னொருவர் தன் கையுறையைத் தூக்கிக் காட்டினார், நடுவில் வட்டமாக ஓட்டை. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அத்தனை பேரும் இது தன்னுடைய முட்டாள்தனம் என்று நினைத்து மறைத்து வைத்திருந்தவர்கள். அக்கா ஒருத்தி சட்டைக் கையை ஏற்றியதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அறிவிப்பின் அடியில் ஒரு வரி அங்கேயே சேர்ந்தது: பையில் போடுமுன் பின்மூடியைத் தளர்த்துங்கள், தானாக எரியாது.

மேனேஜரை வில்லனாக்கப் பார்த்தேன். பிடி கொடுக்கவில்லை மனிதர். அக்காவிடமும் அத்தானிடமும் தனியாக வந்து, "இனிமே உள்ள ஒருத்தர்தான் போகணும். இன்னொருத்தர் டக்ட் வாய்ப்பக்கம் நின்னு பார்த்துக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"சரிதான் சார். முன்னாடியே அப்படி இருந்திருக்கணும்" என்றாள் அக்கா. விதி சரியானது. எங்கள் யாருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

10

இனி முடிவு.

ஒரு முடிவில் மேனேஜர் மனம் மாறி, இருவருக்கும் ஒரு விடுமுறை கொடுத்து எங்காவது அனுப்பி வைக்கிறார். அக்கா படித்துவிட்டு, "இவர் எந்த ஊர் மேனேஜர்?" என்றாள். அடித்துவிட்டேன். இன்னொரு முடிவில் அவர்கள் மொட்டை மாடியில் புது இடம் கண்டுபிடிக்கிறார்கள். மொட்டை மாடி முழுக்க மற்ற வீட்டுக்காரர்களின் துணி காய்கிறது, துணிக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்காரர்களும் நிற்கிறார்கள். அதுவும் போயிற்று.

நடப்பது என்னவென்றால், ஒருவர் உள்ளே போகிறார், ஒருவர் டக்ட் வாய்ப்பக்கம் நிற்கிறார். வெளியே நின்று உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி கத்தினால் கட்டடம் முழுவதும் கேட்கும் என்பதால், "சரியா?" "சரி" என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு முடிவுகள் வருவது நின்றுவிட்டது. பெரியவளின் படிப்பு அப்படியே கிடக்கிறது. அக்கா என்னிடம், "உங்க அத்தான் கிட்ட சொல்லு" என்கிறாள். அவர், "உங்க அக்கா கிட்ட சொல்லும்மா" என்கிறார். இரண்டு பேரும் ஒரே பலகைத் தடுப்புக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். நேற்று அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "அன்னைக்கு அந்தப் பேச்சு முடியவே இல்ல" என்றாள். அத்தான் அதைக் கேட்டார். அத்தையும் கேட்டார். பெண்களும் கேட்டார்கள். அதனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சை முடித்து வைக்க என்னால் முடியும். எழுதுகிறவளுக்கு அது பெரிய விஷயமில்லை. இரண்டு மேற்கோள் குறி போட்டால் அவர்கள் பேசியாக வேண்டும். நீங்களும் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருப்பீர்கள். ஆனால் இந்த வீட்டில் ஏற்கெனவே அத்தைக்கு இரண்டு காது, பெண்களுக்கு நாலு, எனக்கு இரண்டு. இப்போது உங்களையும் நானே கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் நான் அத்தையிடம், "வாங்க, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்றேன். "எனக்கு முழங்கால் வலிக்குதே" என்றார். "வலிக்கட்டும், வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். பெண்கள் இருவரும் எங்கே, எதற்கு, வாங்கித் தின்ன என்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் வரேன்" என்றாள்.

"நீ வேண்டாம்" என்றேன். "நாங்க மெதுவாத்தான் வருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். அத்தான் செய்தித்தாளை மடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். எல்லோரும் வாசலுக்கு வந்தாயிற்று. நீங்கள்தான் பாக்கி. எழுந்திருங்கள், செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள், போகலாம்.